எச்.ஆர். நீட்டும் ராஜினாமா கடிதம்: ஆட்குறைப்பில் நான் பட்டதும் தெரிந்துகொண்டதும்

சென்னையில் ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த ஓ.எம்.ஆர். பக்கம் மறுபடியும் ஆட்குறைப்புப் பேச்சு அடிபடுகிறது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். உலகம் முழுவதும் தன் பணியாளர்களில் 2 சதவீதம், அதாவது 12,000 பேருக்கு மேல், குறைக்கப் போவதாகச் சொன்னதிலிருந்து மற்ற நிறுவனங்களில் இருப்பவர்களுக்கும் நிம்மதி போய்விட்டது. என்னோடு முன்பு வேலை பார்த்த தம்பி, தங்கைகள் இரவில் போன் செய்து, "அக்கா, நாளைக்கு எச்.ஆர். கூப்பிட்டிருக்காங்க, என்ன செய்யட்டும்?" என்று கேட்கிறார்கள். நான் இருந்தது வேறொரு நிறுவனம். அதன் பெயர் வேண்டாம். 2023-ல் என்னை வெளியே அனுப்பியபோது இப்படிக் கேட்க எனக்கு யாரும் கிடைக்கவில்லை. அதனால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. அலைந்து தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன், உங்கள் விஷயத்துக்கு ஒரு தொழிலாளர் வழக்கறிஞரையோ சங்கத்தையோ கட்டாயம் கேளுங்கள்.

நான் டெஸ்டிங்கில் (மென்பொருள் சோதனையில்) லீட், அதாவது குழுத் தலைவர். அந்த நிறுவனத்தில் பதினோரு வருடம். மாதச் சம்பளம் மொத்தம் 92,000, அதில் அடிப்படைச் சம்பளம் 38,000. ஒரு நாள் மதியம் மீட்டிங் என்று அழைத்தார்கள். சின்ன அறையில் என் மேனேஜரும், அதுவரை நான் பார்த்தே இராத இரண்டு எச்.ஆர். (மனிதவளப் பிரிவு) ஆட்களும் இருந்தார்கள். செல்போனை வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னார்கள். கம்பெனி மறுசீரமைப்பு செய்கிறது, உங்கள் ரோல் இனி இல்லை, மாலை ஆறு மணிக்குள் போர்ட்டலில் ராஜினாமா போட்டால் நல்ல தொகை தருகிறோம், ரிலீவிங் லெட்டரும் (பணி விடுவிப்புக் கடிதம்) சுத்தமாக இருக்கும், போடாவிட்டால் 'பெர்ஃபார்மன்ஸ் சரியில்லை' என்று டெர்மினேட் செய்வோம், அப்புறம் எந்தக் கம்பெனியிலும் பேக்ரவுண்ட் செக்கில் (பழைய வேலை பற்றிய விசாரிப்பில்) தேற மாட்டீர்கள் என்றார்கள். என் மேனேஜர் கடைசி வரை நிமிரவே இல்லை. என் கை நடுங்கியதை அவர்கள் மூவரும் பார்த்தார்கள். "வீட்டில் என் கணவரிடம் கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று மட்டும் சொன்னேன். சட்டம் தெரிந்து சொன்ன பதில் இல்லை அது, பயத்தில் வந்தது. ஆனால் அந்த ஒரு வாக்கியம்தான் பின்னால் எனக்குச் சில லட்சங்களைக் காப்பாற்றிக் கொடுத்தது.

ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாமே இதைப் பிடித்துத்தான் நிற்கிறது. அப்போது நடைமுறையில் இருந்தது 1947-ம் வருடத் தொழில் தகராறுகள் சட்டம். ஒரு வருடத்துக்குக் குறையாமல் (சட்டம் 240 நாள் வேலை செய்ததை ஒரு வருடமாக எடுத்துக்கொள்கிறது) வேலை செய்த தொழிலாளரை ஆட்குறைப்பு செய்தால் காரணம் சொல்லி ஒரு மாத நோட்டீஸ் அல்லது அந்த மாதச் சம்பளம் தர வேண்டும். வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரி ஊதியத்தை இழப்பீடாகத் தர வேண்டும். அரசுக்கும் தகவல் கொடுக்க வேண்டும். இது அந்தச் சட்டத்தின் 25எஃப் பிரிவு. பணத்தைக் கொடுத்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும், அனுப்பிவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல முடியாது. இதே வேலையைச் செய்கிறவர்களில் கடைசியாகச் சேர்ந்தவரைத்தான் முதலில் அனுப்ப வேண்டும், மாற்றிச் செய்தால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று 25ஜி சொல்கிறது. ஆனால் நீங்களாகவே ராஜினாமா செய்துவிட்டால் இதில் எதுவும் பொருந்தாது. தானாக விலகுவது ஆட்குறைப்பு ஆகாது. அந்த அறையில் அவ்வளவு அவசரப்படுத்தியது இதற்குத்தான்.

வீட்டுக்கு வந்து அவர்கள் காட்டிய தொகையைக் கணவரும் நானும் ஒரு தாளில் பிரித்துப் பார்த்தோம். மொத்தம் 5,65,000 என்று சொல்லியிருந்தார்கள், கேட்கும்போது பெரிதாகத்தான் இருந்தது. அதில் கிராஜுவிட்டி (பணிக்கொடை) 2,41,000. பதினோரு வருடம் வேலை செய்தவளுக்கு அது எப்படியும் வர வேண்டிய பணம்: அடிப்படைச் சம்பளத்தை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வருட எண்ணிக்கையால் பெருக்கினால் வந்துவிடும். விடுப்புக்கான பணம் 48,000, அதுவும் என்னுடையது. மீதி மூன்று மாதச் சம்பளம் 2,76,000. ஆனால் என் நியமனக் கடிதத்திலேயே இரண்டு மாத நோட்டீஸ் பீரியட் இருந்தது, ஆக அதில் 1,84,000-உம் எனக்குச் சேர வேண்டியதே. கழித்துப் பார்த்தால் அவர்கள் புதிதாகத் தருவது 92,000. சட்டப்படி இழப்பீடு என்று கணக்குப் போட்டால், அரை மாதச் சம்பளம் 46,000, பதினோரு வருடத்துக்கு 5,06,000. இதைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை நின்று கோபம் வந்தது. உங்களிடம் ஒரு தொகையைக் காட்டினால் முதலில் இந்த வேலையைச் செய்யுங்கள்: ஏற்கெனவே எனக்கு வர வேண்டியது எவ்வளவு, கூடுதலாகத் தருவது எவ்வளவு என்று இரண்டு பத்தியாக எழுதிப் பாருங்கள். இன்னொன்று, இழப்பீட்டை அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுவார்கள். அப்போதைய சட்டம் சொன்ன சராசரி ஊதியம் கடைசி மூன்று மாத ஊதியத்தின் சராசரி, படிகளும் அதில் சேர்ந்தன.

அன்றிரவே ஒரு மெயில் அனுப்பினேன். இன்ன நேரத்தில், இன்னார் இருந்த கூட்டத்தில் என்னை ராஜினாமா செய்யச் சொன்னீர்கள், எனக்கு விலக விருப்பம் இல்லை, தொடர்ந்து வேலை செய்யத் தயாராக இருக்கிறேன், என்னை நீக்குவதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். இவ்வளவுதான். கோபமான வார்த்தை ஒன்றுகூட இல்லை. கம்பெனி மெயிலிலிருந்து எச்.ஆருக்கு அனுப்பி, என் சொந்த மெயிலுக்கும் நகல் போட்டுக்கொண்டேன். அடுத்த நாள் காலை லாகின் வேலை செய்யவில்லை. அதற்கடுத்த நாள் கார்டும் வேலை செய்யவில்லை. கேட்டில் நிறுத்தினார்கள். எத்தனையோ வருடம் காலையில் வணக்கம் சொன்ன செக்யூரிட்டி அண்ணன், "மேடம், என்னைத் தப்பா நினைக்காதீங்க" என்றார். அங்கே நின்றுகொண்டே இன்று பணிக்கு வந்தேன், உள்ளே விடவில்லை என்று இன்னொரு மெயில் அனுப்பினேன். பல நாள் இப்படிச் செய்தேன். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் பின்னால் தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன் அவர்கள் "அவரே வேலைக்கு வரவில்லை" என்று சொன்னபோது இந்த மெயில்கள்தான் பேசின.

ஆவணங்களைப் பற்றி ஒன்று. நியமனக் கடிதம், பே சிலிப், ஒவ்வொரு வருட அப்ரைசல் கடிதம், படிவம் 16 (சம்பள வரிப் பிடித்தச் சான்று), எச்.ஆர். அனுப்பிய மெயில்கள் எல்லாவற்றையும் வேலை நன்றாக இருக்கும்போதே வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். லாகின் போன பிறகு ஒன்றும் கிடைக்காது. என்னைப் 'பெர்ஃபார்மன்ஸ்' என்று மிரட்டியவர்களுக்கு என் முந்தைய வருடங்களின் நல்ல ரேட்டிங் கடிதங்கள்தான் பதில். அதே சமயம் கிளையன்ட் டேட்டா, கோட், ப்ராஜெக்ட் கோப்பு எதையும் சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள், பென் டிரைவில் எடுக்காதீர்கள். ஒரு நண்பர் அப்படிச் செய்ய, ஆட்குறைப்பு என்ற பேச்சே போய், ரகசிய விதியை மீறினார் என்று அவர் மேல் விசாரணை வந்துவிட்டது.

சில வாரங்கள் கழித்து டெர்மினேஷன் கடிதம் ஸ்பீட் போஸ்டில் வந்தது. நோட்டீஸ் சம்பளமும் விடுப்புப் பணமும் கணக்கில் ஏறியிருந்தன. இழப்பீடு இல்லை. கிராஜுவிட்டி வேண்டுமென்றால் 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற ஃபுல் அண்ட் ஃபைனல் படிவத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். என் கூட அழைக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் அன்று மாலையே ராஜினாமா போட்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். குழந்தையும் கடனும் இருக்கிறவர்களுக்கு அந்த அறையில் வேறு வழி தெரியாது. ஆனால் அதன் பிறகு யாரும் என் போனை எடுக்கவில்லை. டீம் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். இழந்த பணத்தைவிட இதுதான் அதிகம் வலித்தது.

அப்புறம்தான் சங்கத்தைத் தேடிப் போனேன். ஐ.டி.யில் சங்கமே கூடாது என்று பலர் இன்னும் நினைக்கிறார்கள். அது சரியில்லை. தமிழ்நாடு அரசே 2016-ல், ஐ.டி. ஊழியர்களும் சங்கம் வைக்கலாம், தொழில் தகராறுகள் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும் என்று தெளிவுபடுத்தியது. சென்னையில் யுனைட், ஃபைட் போன்ற ஐ.டி. ஊழியர் அமைப்புகள் இருக்கின்றன. உங்கள் உறுப்பினர் விவரத்தை நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் சந்தித்த தோழர் கேட்ட முதல் கேள்வியே, "ராஜினாமா போட்டாச்சா?" என்பதுதான். இல்லை என்றதும் அவர் முகமே மாறியது.

அடுத்த கேள்வி: "உங்களுக்குக் கீழே எத்தனை பேர், அவங்களுக்கு லீவு கொடுக்கற அதிகாரம் உங்களுக்கு இருந்ததா?" இதைப் புரிந்துகொள்ளுங்கள். அந்தச் சட்டம் தொழிலாளருக்குத்தான் பாதுகாப்பு தரும், நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்குத் தராது. கம்பெனி உடனே "அவர் லீட், மேனேஜர் கிரேடு" என்று சொல்லும். பதவியின் பெயரை வைத்து முடிவு செய்யக் கூடாது, உண்மையில் செய்த வேலையைத்தான் பார்க்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. நான் நாள் முழுக்க டெஸ்ட் கேஸ் எழுதி, ஓட்டி, பக் பதிவு செய்தவள். ஆள் எடுக்கவோ, தண்டிக்கவோ, விடுப்பு கொடுக்கவோ எனக்கு அதிகாரம் இல்லை. அதைக் காட்டும் அப்ரைசல் கடிதங்கள் இங்கேயும் உதவின. உண்மையிலேயே மேனேஜராக இருப்பவர்கள் நியமனக் கடிதத்தில் உள்ள நோட்டீஸ், பண விதிகளை வைத்துத்தான் பேச வேண்டியிருக்கும். அவர்கள் முதல் நாளே வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது.

தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கிறது. அங்கே 1947-ம் வருடச் சட்டத்தின் 2ஏ பிரிவில் தனி ஆளாகவே மனு கொடுக்க முடிந்தது, கட்டணம் கிடையாது. மனுவை வாங்கிக்கொண்டு சமரச அலுவலர் இரு தரப்புக்கும் நோட்டீஸ் அனுப்புவார். மனு கொடுத்து 45 நாளில் முடியாவிட்டால் நேராகத் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போக அப்போது வழி இருந்தது. சமரசப் பேச்சில் வழக்கறிஞரைக் கொண்டுவர எந்தத் தரப்புக்கும் உரிமை இல்லை, சங்கப் பொறுப்பாளர் நமக்காகப் பேசலாம். இது எனக்குப் பெரிய தைரியம் கொடுத்தது. எதிரே உட்கார்ந்தது அதே எச்.ஆர். ஆட்கள்தான், இந்த முறை மேசைக்கு நடுவில் அரசு அதிகாரி. ஆனால் வாய்தா வாங்கியே காலம் கடத்தினார்கள். ஒரு முறை அதிகாரம் இல்லாத ஆளை அனுப்பினார்கள், இன்னொரு முறை மும்பையிலிருந்து பதில் வர வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு வாய்தாவிலும் நடந்ததைப் பதிவு செய்யச் சொல்லி நாமே கேட்க வேண்டும்.

கிராஜுவிட்டிக்கு வேறு அலைச்சல். டி.எம்.எஸ்ஸில் கேட்டால், உங்கள் கம்பெனிக்குப் பல மாநிலங்களில் கிளை இருக்கிறது, அதனால் கிராஜுவிட்டி விஷயம் மத்திய அரசின் கீழ் வரும், நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனுக்குப் போங்கள் என்றார்கள். இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் எனக்குப் பல வாரம் மிச்சமாகியிருக்கும். வேலை போன 30 நாளுக்குள் கிராஜுவிட்டி தர வேண்டும், தாமதித்தால் வட்டி உண்டு. 'கோரிக்கை இல்லை' என்று எழுதிக் கொடுத்தால்தான் தருவேன் என்று பிடித்துவைக்க அவர்களுக்கு உரிமை கிடையாது. மத்திய அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் போனதுமே வட்டியோடு பணம் வந்துவிட்டது, எந்தப் படிவத்திலும் நான் கையெழுத்துப் போடவில்லை.

வீட்டுச் செலவைச் சொல்லாமல் இருக்க முடியாது. மேடவாக்கம் வீட்டுக்கு இ.எம்.ஐ. 31,000. ஜூன் மாதம் பையனின் பள்ளிக் கட்டணம் 85,000. தாலிச் சங்கிலியைத் தவிர மற்ற நகையெல்லாம் அடகுக்குப் போய், 2,00,000 கடன் வாங்கினோம். அம்மாவுக்கு முன்பே இதய நோய். கம்பெனியின் குழு மருத்துவக் காப்பீடு கடைசி வேலை நாளோடு முடிந்துவிட்டது, இரண்டு மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது 1,40,000 கையிலிருந்து கட்டினோம். குழுக் காப்பீட்டிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறலாம், பழைய நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தில் இதுவரை கழிந்த வருடங்களும் கணக்கில் வரும். இதை எச்.ஆர். யாரும் சொல்வதில்லை. ஆட்குறைப்பு வரும்போல் தெரிந்த அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கு நேரே போன் செய்யுங்கள். வங்கிக்கும் அப்படித்தான்: தவணை தவறும் முன்பே கிளை மேலாளரைப் பார்த்து நிலைமையைச் சொன்னோம், சில மாதங்களுக்குத் தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தந்தார்கள். தவறிய பிறகு போயிருந்தால் கிரெடிட் ஸ்கோரும் போயிருக்கும்.

ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தது. கடைசியில் சமரச அலுவலர் முன்னிலையில், அதே சட்டத்தின் 12(3) பிரிவுப்படி சமரச ஒப்பந்தம் போட்டோம். இழப்பீடாக 4,20,000. முழுத்தொகை வேண்டுமென்றால் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், அதற்கு எங்களிடம் பலம் இல்லை என்று கணவரும் நானும் பேசி முடிவெடுத்தோம். ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்களை எழுத்தில் சேர்க்கச் சொன்னேன். பணம் எந்தத் தேதிக்குள் வரும் என்பது. ரிலீவிங் லெட்டரின் வாசகம் என்ன என்பது. 'நிறுவன மறுசீரமைப்பால் ஆட்குறைப்பு' என்று இருக்க வேண்டும், பெர்ஃபார்மன்ஸ் என்ற பேச்சே இருக்கக் கூடாது. தொகைக்கு 'ஆட்குறைப்பு இழப்பீடு' என்று பெயர் போட வேண்டும் என்பது. தொழிலாளருக்குக் கிடைக்கும் ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கு வருமான வரிச் சட்டத்தின் 10(10பி) பிரிவில் 5,00,000 வரை விலக்கு இருந்தது, சும்மா 'எக்ஸ்கிரேஷியா' (கருணைத் தொகை) என்று போட்டால் சம்பளம் மாதிரி வரி பிடித்துவிடுவார்கள். பேக்ரவுண்ட் செக் பற்றி என்னைப் பயமுறுத்தியது வெறும் மிரட்டல்தான். புதிய வேலைக்குப் போனபோது அந்தக் கடிதத்தைக் காட்டினேன், யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. சம்பளம் மட்டும் முன்பைவிடக் குறைவு.

கர்ப்பமாக இருக்கும் தங்கைகளுக்குத் தனியாக: பிரசவ விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குவதை மகப்பேறு நலச் சட்டமே தடுத்தது, 2025 நவம்பரில் வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அந்தத் தடை இருக்கிறது. 2015 ஜனவரியில் சென்னையின் பெரிய ஐ.டி. நிறுவனம் ஒன்று கர்ப்பிணி ஊழியரை நீக்கியபோது உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. உங்களிடம் ராஜினாமா கேட்டால் அன்றே மருத்துவச் சான்றோடு எழுத்தில் பதில் கொடுங்கள்.

ஏற்கெனவே பயத்தில் போர்ட்டலில் ராஜினாமா போட்டுவிட்டவர்கள் கைவிட்டுவிட வேண்டாம். கடைசி நாள் இன்னும் வரவில்லை என்றால், கட்டாயத்தால் கொடுத்தேன், திரும்பப் பெறுகிறேன் என்று உடனே எழுதுங்கள். நடைமுறைக்கு வரும் முன் ராஜினாமாவைத் திரும்பப் பெறலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒவ்வொரு நாள் தாமதமும் 'விரும்பித்தான் போனார்' என்று அவர்கள் சொல்ல உதவும்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன, நான் சொன்ன பழைய பிரிவு எண்கள் இப்போது மாறிவிட்டன. ஒரு மாத நோட்டீஸ், வருடத்துக்கு 15 நாள் சராசரி ஊதியம் என்ற அடிப்படை அப்படியே இருக்கிறது. நீக்கினாலும் நீங்களே விலகினாலும் இரண்டு வேலை நாளுக்குள் ஊதிய பாக்கியைத் தர வேண்டும் என்பது இப்போது சட்டம். ஆட்குறைப்பு செய்யப்பட்டவருக்கு 15 நாள் ஊதியத்தை மறுதிறன் நிதியிலிருந்து (வேலை இழந்தவர் புதுத் திறன் கற்க உதவும் நிதி) 45 நாளுக்குள் கணக்கில் போட வேண்டும் என்பதும் புதிதாக வந்திருக்கிறது, இதைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் தகராறு எழுப்ப முன்பு மூன்று வருடம் இருந்தது, இப்போது இரண்டு வருடம்தான். புது வேலை கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மனுவைத் தள்ளிப் போடாதீர்கள், வேலை தேடிக்கொண்டே மனுவும் கொடுக்கலாம்.